மஞ்சளுக்கு ஒரு சொல்

1.

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக் கதவு வழியாகக் கைப்பொதியோடு போய் வருகிற சிறு வியாபாரிகளுக்கென்று ஒரு செயலி இருக்கிறது. அதை நடத்துகிற சேவை மையம் ஆண்டு முடிவில் ஒரு புத்தகம் போடுகிறது. அதற்கு நானூறு சொல்லில் ஒரு வெற்றிக் கதை வேண்டும் என்று மையத்தின் பொறுப்பாளர் எழுதியிருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்போம். எப்படி எழுத வேண்டும் என்பதையும் மேடமே சொல்லியிருந்தார். ஒரு பெண் வியாபாரி. அவருக்கு ஒரு கஷ்டம். செயலி வந்தது. கஷ்டம் போனது. கடைசியில் சிரிக்கிற படம் ஒன்று.

பெண் வியாபாரி இருந்தாள். சிரிக்கிற படமும் இருக்கிறது. நடுவில்தான் வரிசை மாறிவிட்டது. முதலில் வந்தது செயலி.

இதில் வருகிற ஆணை ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ‘நான்’ என்று தொடங்கிய மூன்று பிரதிகளும் முதல் பத்தியைத் தாண்டவில்லை. ‘அவன்’ என்றால் கை நகர்கிறது. அவன் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: காலை வெயில் எல்லைக் கதவின் கம்பிகளில் பட்டுத் தெறிக்க, நம்பிக்கையோடு வரிசையில் நின்ற — [வேண்டாம். கதவில் கம்பி கிடையாது, தகரம். நம்பிக்கையோடு வரிசையில் நிற்கிறவர்களும் கிடையாது.]

இரண்டாம் முயற்சி: அவள் ஜிப் விற்றாள். [இருக்கட்டும்.]

அவள் ஜிப் விற்றாள். பொத்தான், கொக்கி, எலாஸ்டிக், நூல்கண்டு எல்லாம்தான், ஆனால் ஜிப்தான் அதிகம். அந்தப் பக்கச் சந்தையில் வாங்கி இந்தப் பக்கத் தையல் கடைகளுக்குக் கொடுப்பாள். ஒரு ஆள் தோளில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவரலாம் என்பது கதவின் சட்டம். வாரம் மூன்று நடை. வரிசையில் அவளுக்கு ‘ஜிப்பு’ என்று பெயர். விற்கிற சரக்கால் வந்த பெயர் என்று அவள் சாதிப்பாள். “வாய்க்கு ஒண்ணு போடணும்னு வச்ச பேருடி அது” என்பார் அவளுக்கு முன்னால் நிற்கிற முட்டைக்கார அக்கா.

அவன் சேவை மையத்தில் மொழிபெயர்ப்பாளன். செயலி வருவதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஆள் பற்றாக்குறையால் அவனையும் படிவத்தோடு வரிசைக்கு அனுப்பினார்கள்.

“தங்கள் தொழிலில் எதிர்கொள்ளும் சவால்கள் யாவை?” என்று படித்தான்.

“இந்த மாதிரி கேள்விதான்” என்றாள். “யாவையாம், யாவை! வீட்டுல சாப்பாடு கேக்கும்போதும் இப்படித்தான் கேப்பீங்களா?”

“எங்க வீட்டுல நான்தான் சமைக்கிறேன்.”

“அப்படியா?” பொதியைத் தள்ளி இடம் விட்டாள். “அப்ப உக்காருங்க, சொல்றேன்.”

ஏழு மாதத்தில் கல்யாணம்.

[* திரும்பப் படிக்கும்போது அவள் மேல் சந்தேகம் வருகிறது. சாகப்போகிற பெண்களைக் கதைகளில் இப்படித்தான் துடுக்காக எழுதுகிறார்கள், பிறகு வலிக்க வேண்டும் என்பதற்காக. எனவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காலையில் எட்டு மணி வரை அவள் யாரோடும் பேசமாட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவாள். தப்பு தன் பேரில் என்று தெரிந்துவிட்டால் குரலை உயர்த்துவாள்.]

3.

மொழிபெயர்க்க அவனுக்கு வந்தது செயலி அல்ல, ஓர் அட்டவணை. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். இடப்பக்கம் அந்நிய மொழிச் சொல், வலப்பக்கம் காலிக் கட்டம். கட்டத்துக்கு இருபது எழுத்துக்கு மேல் கூடாது. எந்தச் சொல் எந்தத் திரையில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

114-ஆம் வரியில் ஒரே ஒரு சொல். ‘நிலுவையில் உள்ளது’ என்று எழுதினான். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் ஆபீஸ் வாடை அடித்தது. கொஞ்சம் யோசித்து, ‘காத்திருக்கவும்’ என்று மாற்றினான். எளிமையாக இருந்தது. அடுத்த வரிக்குப் போனான்.

செயலி வேலை செய்கிற விதம் இது. வியாபாரி கதவருகே வந்ததும் சரக்கு விவரத்தைப் போனில் தட்ட வேண்டும். பச்சை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் பொதியைப் பிரித்துக் காட்ட வேண்டும். மஞ்சள் வந்தால், கணினி இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். அவ்வளவுதான். மஞ்சள் வந்தவர் இரண்டாம் ஜன்னலுக்குப் போய், காகிதத்தில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு கடந்துவிடலாம். விதியில் தெளிவாக இருக்கிறது.

மஞ்சளுக்குக் கீழே வருகிற சொல்தான் 114.

காத்திருக்க வேண்டியது கணினி. அவன் எழுதிய தமிழ், மனிதரைக் காத்திருக்கச் சொன்னது.

4.

இந்தப் பகுதியை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். மஞ்சள் வந்து உட்கார்ந்திருந்தவர் அதே வரிசையில் சீப்பு விற்கிறவர் என்றும், அவருக்கு அன்றைய சந்தை மட்டும் தவறிப்போனது என்றும் ஒரு பிரதி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. சீப்புக்காரர் கடைசியில் ஒரு ஜோக்குகூட அடித்தார். கிழித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. அவள் அந்தப் பக்கம் சரக்கெடுத்துத் திரும்பிக் கதவுக்கு வந்தபோது காலை பத்து மணி. மஞ்சள். பத்தரைக்கு அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: ‘மஞ்சள்ல நிக்குது. வயிறு வலிக்குது.’ அவன் மேசையில் வேறோர் அட்டவணை திறந்திருந்தது. ‘கொஞ்சம் பொறு, வந்துடும்’ என்று பதில் போட்டான். அவன் அந்தக் கதவை ஒரு தடவைகூடக் கடந்ததில்லை. இரண்டாம் ஜன்னல் என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது.

மீதி, முட்டைக்கார அக்கா சொன்னது:

“பொதி மேலயே சுருண்டு உக்காந்துட்டா. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. எந்திரிச்சு ஜன்னலுக்குப் போடின்னு சொன்னேன். ‘இருக்கா, பச்சை வந்துடும்’னு சொன்னா. மத்தியானமும் அதையேதான் சொன்னா. அப்புறம் பேசல. நானும் சீப்புக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இழுத்துட்டுப் போனோம். ஜன்னல்ல ஒரு நிமிஷம்கூட ஆகல தம்பி. ஒரு நிமிஷம்கூட.”

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. அறுவை அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர், “ஒரு மூணு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா...” என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இந்தக் கதையில் பாதியில் நிற்கிற வாக்கியங்களில் என்னுடையது அல்லாதது அது ஒன்றுதான்.

5.

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. ‘கொஞ்சம் யோசித்து’ என்று எழுதியிருக்கிறேன். அவன் யோசிக்கவில்லை.

114-ஐ எழுதிய அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் தரையில் உட்கார்ந்து ஜிப்புகளை நிறவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள்.

“நிலுவையா? யாரோ பொண்ணு பேரு மாதிரி இருக்கு. ‘அக்கா, நிலுவை வந்திருக்காளா’ன்னு வரிசையில கேப்பாங்க.”

“முடிவாகாம இருக்குன்னு அர்த்தம்.”

“அதை அப்படிச் சொல்லேன். எம்.ஏ. படிச்சா தமிழ் மறந்துடுமா?”

“இருபது எழுத்துக்குள்ள வரணும். நீயே சொல்லு பார்ப்போம்.”

“முடிவாகலன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? காத்திருப்பான். ‘காத்திருக்கவும்’னு போடு. மரியாதையாவும் இருக்கு.”

அவன் போட்டான். அது அவள் சொல்.

செயலி வந்த அன்று அவள் வரிசை முழுக்கப் போனை நீட்டிக் காட்டினாளாம். மஞ்சள் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான் என்றார் முட்டைக்கார அக்கா. இதை அவர் சாவு வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, மையத்து வாசலில் அவனைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

“‘நான் சொன்ன வார்த்தை, நான் சொன்ன வார்த்தை’ன்னு ஊருக்கே பீத்திக்கிட்டவ. அதை அவளே மீறிட்டு ஜன்னலுக்குப் போவாளா? ரோஷக்காரி தம்பி. உன்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம். மனசு கேக்கல.”

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

[* அதுவரை அவனிடம் ஒரு குற்றம் இருந்தது. அது முழுக்க அவனுடையதாக இருந்தது. பிடித்துக்கொண்டு நிற்க அது போதும். அன்றைக்கு அதிலும் பாதி போய்விட்டது. இந்தப் பத்தியை நீக்கலாமா என்று யோசிக்கிறேன்.]

6.

செயலி புதுப்பிக்கப்படுகிறது. திருத்தங்களுக்கான அட்டவணை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். அதற்குள் 114-ஐ மாற்றுவதா விடுவதா என்பதுதான் இந்தக் கதை. மற்றதெல்லாம் முன்கதை.

அவன் மேடத்தின் அறைக்குப் போனான்.

“மேடம், நூத்திப் பதினாலு தப்பா இருக்கு.”

“ஸ்பெல்லிங்கா?”

“அர்த்தம். ‘இரண்டாம் ஜன்னலுக்குப் போகவும்’னு மாத்தலாம். இருபதுக்குள்ள வருது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் அல்ல. சாவுக்கு வந்து கடைசி வரை நின்றவர். “ஜன்னலே தேவையில்லாம ஆக்கத்தானேப்பா செயலி கொண்டுவந்தோம்? ஜன்னலுக்குப் போறவங்க பாதியா குறைஞ்சிருக்காங்கன்னு போன மாசம்தான் அறிக்கை அனுப்பினோம்.”

குறைந்துதான் இருந்தார்கள். குறைந்தவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஜன்னல்னு வராம, நல்ல வார்த்தையா வேற யோசி. உனக்குத் தெரியாததா?” என்றார் மேடம். பிறகு, மெதுவாக: “அந்தக் கதை எந்த அளவுல இருக்கு?”

“எழுதிட்டிருக்கேன்.”

அறைக்குத் திரும்பி 114-ஐத் திறந்தான். அழிப்பது ஒரு விசை. ஆனால் அவள் வாயிலிருந்து வந்து எழுத்தில் நிற்பது அது ஒன்றுதான். நாலாயிரம் போன்களில், ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை அவள் பேசுகிறாள். அவள் பேசும்போதெல்லாம் யாரோ ஒருவர் பொதியை இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறார்.

7.

முடிவு, முதல் பிரதி: அவன் மாற்றாமல் விட்டுவிடுகிறான். [எளிதாகவே எழுத முடிந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.]

முடிவு, இரண்டாம் பிரதி: அவன் ‘நிலுவையில் உள்ளது’ என்று பழையபடி போட்டுவிட்டு, அகராதியை மூடிவைத்து, நிம்மதியாக — [எந்த நிம்மதி?]

நடந்தது இது. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அவன் சொல்லை அழித்தான். வேறொன்றும் எழுதவில்லை. காலிக் கட்டத்தோடு அனுப்பிவிட்டான்.

காலிக் கட்டம் வந்தால் செயலி தன் மூல மொழிச் சொல்லையே காட்டும் என்பது அவனுக்குத் தெரியாது. திங்கள்கிழமை முதல்முறையாகக் கதவைக் கடந்து அந்தப் பக்கத்து வரிசையைப் பார்க்கப் போனான். முட்டைக்கார அக்காவின் போனில் மஞ்சள். கீழே புரியாத எழுத்தில் ஒரு சொல்.

“என்ன இழவுடா இது?” என்றார் அக்கா.

சீப்புக்காரர் எட்டிப் பார்த்தார். “யாருக்குத் தெரியும்? வாழ்த்துதோ, திட்டுதோ.”

“முட்டையை வச்சிக்கிட்டு இங்க அடைகாக்கவா முடியும்? வாய்யா, கேட்டுட்டு வருவோம்.”

“யார்கிட்ட?”

“ஜன்னல்லதான். வேற எங்க?”

அவர்கள் எழுந்தார்கள். பின்னால் நின்ற ஐந்தாறு பேரும் பொதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் மணி நேரத்தில் அத்தனை பேரும் கதவுக்கு இந்தப் பக்கம்.

புரிகிற தமிழை நம்பி உட்கார்ந்தவர்கள், புரியாத சொல்லை நம்பாமல் எழுந்து போனார்கள். மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன் அதை நின்று பார்த்தான். செயலி அவர்களுக்கு உதவியதை அவன் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

[* மேடம் கேட்ட வெற்றிக் கதை இதுதான். நானூறு சொல்லில் சொல்லிவிடலாம். படத்துக்கு முட்டைக்கார அக்கா சிரிக்கவும் செய்வார். நான்தான் அனுப்பப்போவதில்லை.]

8.

இங்கேயே முடித்திருப்பேன். இன்று காலை மேடம் கூப்பிட்டார்.

“ஒரு கட்டம் காலியாப் போயிருக்கு. ‘புரியல’ன்னு மூணு புகார் வந்திருக்கு. நாளைக்குள்ள நிரப்பிடு. இல்லன்னா பழைய வார்த்தையையே ஏத்திடுவாங்க.”

எனவே காலி என்கிற முடிவும் கைவசம் இல்லை. நான் வேறு சொல் தந்தால் அவள் சொல் போகும். தராவிட்டால் அவள் சொல் திரும்பி வரும். காலையிலிருந்து பதினேழு சொற்கள் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் யாரோ உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் தருகிறேன். இருபது எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஜன்னல் என்று வரக் கூடாது. படிக்கிறவர் தோளில் பொதி இருக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

114. [                                        ]

எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.