மேல் தோட்டத்துக் கற்கள்

மோசல் ஆற்றங்கரைச் சரிவில் மண்ணைவிடச் சிலேட்டுக் கல்லுக்குத்தான் மதிப்பு. பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவில் கொடிகளுக்குக் கொடுப்பது அதுதான். கல் போய்விட்டால் ரீஸ்லிங் திராட்சை சரியாகப் பழுக்காது, வெள்ளை ஒயினில் வெறும் புளிப்புதான் மிஞ்சும். அதனால் மழையில் மேல் தோட்டத்துக் கல் சரிந்து வந்தால், கீழே இருப்பவன் கூடையில் சுமந்துபோய் மேலே கொட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

இதெல்லாம் கீழ்த் தோட்டத்து ஆல்வினுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தான். மூன்று வருடங்களுக்கு முன், மேல் தோட்டத்து ஒட்மாரை அடக்கம் செய்த வாரத்தில் பேய்மழை கொட்டியது. சரிந்து வந்த கல்லைத் தன் கொடிகளின் அடியில் பரப்பிக்கொண்டான். ஒட்மாரின் மனைவி கெர்லிண்டே வந்து கேட்டபோது, ஆறு கொண்டுபோய்விட்டது என்றான். அழுது வீங்கிய கண்களோடு அவளும் நம்பிவிட்டாள். அந்த முகம் அவனை விடவே இல்லை.

இந்த வசந்தத்தில் ஒருநாள் அவள் அவன் சமையலறைக்கு வந்தாள். மூன்று வருடமாக ஒயின் புளிக்கிறது, ஒட்மாரின் கைப்பக்குவம் தனக்கு வரவில்லை, கொடிகளைப் பிடுங்கத் திங்கட்கிழமை ஆள் வருகிறான் என்றாள். ஆல்வின் தன் ஒயினை ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தான். புத்தி கெட்டவன்.

ஒரு வாய் குடித்துவிட்டு அவள் அவனைப் பார்த்தாள்.

“இது அவரு போட்ட ஒயினு மாதிரியே இருக்கு, ஆல்வின். பாரேன், எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. எதைக் குடிச்சாலும் அவரு ஞாபகம்தான்,” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை.

“பைத்தியமெல்லாம் இல்லக்கா. அது உங்க கல்லு. ஆறு கொண்டுபோகல. நான்தான் வெச்சுக்கிட்டேன்.”

அவள் கிளாஸை மெல்ல மேசைமேல் வைத்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வெட்கத்தில் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணு வருஷமா என் கையைத்தான் நான் திட்டிக்கிட்டிருந்தேன்,” என்றாள் கடைசியில்.

கிளாஸை முழுக்கக் குடித்து முடித்து எழுந்தாள். கொடி பிடுங்க வருகிறவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“நாளைக்குக் காலையிலயே ஆரம்பிச்சுடு. உன் தோட்டத்துக்குள்ள இருந்தே ஏறி வந்துடாத. கூடையைத் தூக்கிக்கிட்டு தேவாலயத் தெரு வழியா சுத்தி வா. எல்லாரும் பாக்கட்டும்.”