பொறுப்புத் துணைவேந்தர்

துணைவேந்தர் திடீரென்று ராஜினாமா செய்துவிட்டுப் போன மறுநாள், நுண்ணுயிரியல் பேராசிரியை சங்கரியை வேந்தர் கலியாணசுந்தரம் கூப்பிட்டனுப்பினார். செவிலிமேட்டைத் தாண்டி இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், துணைவேந்தர் நாற்காலியில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. போன தடவை சங்கரியின் பெயர் அடிபட்டபோது, "ராத்திரி பகல் பாக்காம அலையணும்மா, உங்களுக்குச் சிரமம்" என்று சொல்லித் தட்டிக்கழித்தவரும் இவர்தான்.

இப்போது அவரே, "நிரந்தரமா ஆள் போடறவரைக்கும் பொறுப்புத் துணைவேந்தரா நீங்கதான் இருக்கணும். லேடீசுக்கும் வாய்ப்பு தரணுமில்லையா?" என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சந்தோஷம் வரவில்லை. ஏன் இப்போது என்பதுதான் உறுத்தியது.

மத்தியானம் பதிவாளர் ராஜகோபால் வரதர் கோயில் பிரசாதத்தோடு அவள் அறைக்கே வந்தார். அந்த நாற்காலிக்காகப் பல வருஷம் காத்திருந்த மனுஷர். "எனக்கு பிபி மேடம். டாக்டர் டென்ஷனே கூடாதுன்னுட்டார். நீங்க உக்காருங்க, நான் பின்னாடி இருக்கேன்" என்று சிரித்தார். அவர் போனதும் சங்கரி அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கணிதத் துறை அம்பரீன்தான் பெண்கள் விடுதிக்கு வார்டன். அவளிடம் போய், "இங்க என்னம்மா நடக்குது?" என்று நேராகவே கேட்டாள்.

அம்பரீன் கதவைச் சாத்தினாள். "ஹாஸ்டல்ல புள்ளைங்களுக்கு மஞ்சக்காமாலை மேடம். ஒவ்வொருத்தியா படுத்துக்கினு இருக்குதுங்க. சாதா ஜுரம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க. அதான் விசி கழண்டுக்கினாரு. விஷயம் வெளிய வந்தா, நாற்காலியில யாரு இருக்காங்களோ அவங்க தலைதான் உருளும்."

சங்கரி விடுதித் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து தன் ஆய்வகத்திலேயே சோதித்தாள். சாக்கடை கலந்திருந்தது. முடிவு கைக்கு வந்ததும் வேந்தரிடம் போனாள்.

"தொட்டியை மூடணும் சார். பெத்தவங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லணும்."

"அதெல்லாம் ராஜகோபால் பாத்துப்பாரு. நீங்க கையெழுத்து போட்டா போதும்."

"அப்போ அவரையே உக்காரச் சொல்லுங்க. விடுதி விஷயத்துல முடிவு என்னோடதுன்னா நான் வரேன்."

வேந்தர், "சரி, உங்க இஷ்டம்" என்றார். வேறு ஆள் கிடைக்காததால்தான் ஒத்துக்கொண்டார். அது அவளுக்கும் தெரியும்.

சங்கரி பொறுப்பேற்றதும் தொட்டியை மூடச் சொல்லி, பெற்றோரை வரவழைத்தாள். தாமலிலிருந்து வந்த அம்சவேணி என்ற தாய், "இத்தினி நாளா ஏம்மா மறைச்சீங்க? எம் பொண்ணு கண்ணு மஞ்சளா இருக்குது" என்று கேட்டாள்.

"தப்பு எங்க மேலதாம்மா" என்றாள் சங்கரி. பேப்பரில் அவள் படத்தைப் போட்டுத்தான் திட்டினார்கள். பிள்ளைகளுக்கு வைத்தியம் நடந்தது, குழாய் புதிதாகப் போட்டார்கள், எல்லாரும் பிழைத்தார்கள்.

கொந்தளிப்பு அடங்கியதும் நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் வந்தது. சங்கரியும் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்குக்கூட அவளை அழைக்கவில்லை. ராஜகோபால் துணைவேந்தரானார்.

"முன்னாடியே தெரியும்ல மேடம், அப்புறம் ஏன் போய் உக்காந்தீங்க?" என்று அம்பரீன் ஆற்றாமையோடு கேட்டாள்.

"அந்தத் தண்ணியத்தானேம்மா புள்ளைங்க குடிச்சிக்கினு இருந்தாங்க."

அடுத்த கல்விக் குழுக் கூட்டத்தில் சங்கரி எழுந்து நின்று, தன்னை ஏன் நேர்காணலுக்கு அழைக்கவில்லை என்று கேட்டாள். நீண்ட மேஜையைச் சுற்றியிருந்த ஆண்கள் தங்கள் காகிதங்களைப் புரட்டினார்கள். ராஜகோபால் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார்.

அவள் உட்காரவில்லை. சற்றுப் பொறுத்து, மேஜையின் கடைசியில் இருந்த அம்பரீனும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள்.