அவள் திரும்பி வந்த காரணம்

சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள், காட்சிக்கு ஒன்றாக. ஓர் அட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே 'அதனால்' என்று சொல்லிப் பார்ப்பார் கதாசிரியர். வாய் தானாக 'அப்புறம்' என்றால் அங்கே கதையில் ஓட்டை.

ஓட்டை ஒன்றே ஒன்றுதான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன நாயகி பதினாறாம் நாள் திரும்பி வருகிறாள். ஏன்? கணவனுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்ததைப் படித்து, "இது காரணமே இல்லையே சார்" என்று போன முறை எழுந்து போன இயக்குநர், இன்று மாலை மறுபடி கேட்க வருகிறார். இன்றும் இல்லையென்றால் வேறு எழுத்தாளரைப் பார்த்துக்கொள்வார்.

மருந்துக்கடை வேலைக்கு நடுவே சாப்பிட வந்த மனைவி அந்த அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"புருஷனுக்குக் காய்ச்சல்னு ஓடி வர்றாளா? நல்லா இருக்கே!"

"நீ அப்படித்தானே வந்தே?"

"காய்ச்சலுக்கு மாத்திரை குடுத்தனுப்பினாப் போதாதா? நான் எதுக்கு?"

அவருக்குச் சுருக்கென்றது. அவள் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்ததிலிருந்து மூன்று வருடமாக அந்தக் காய்ச்சலுக்கல்லவா நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்! போக்கிடம் இல்லாமல் வந்தேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தே இதுவரை கேட்காதவர், இன்று கேட்டுவிட்டார்.

"பின்னே ஏன் வந்தே?"

"எங்க அக்கா கல்யாணம் நின்ன கதையை சீரியல்ல எழுதினீங்கன்னுதானே போனேன்? அம்மா வீட்ல உட்கார்ந்து தினமும் பார்த்தேன். அந்தக் காட்சி வரவே இல்ல. ஒருநாள் உங்க பேரும் வரல. அந்தக் காட்சியை நீக்கச் சொல்லிச் சண்டை போட்டு வேலையையே விட்டிருக்கீங்கன்னு புரிஞ்சுது. பெட்டியைக் கட்டிட்டேன்."

"சொல்லவே இல்லையே!"

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கும்?"

அவர் அட்டைகளைப் பார்த்தார். நாயகன் அதுவரை போர்வைக்குள் படுத்துக் கிடந்தானே தவிர, அவளுக்காக ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. பிறகு அவள் எதற்கு வருவாள்? பேனாவை எடுத்தவர், மூடியைத் திறக்காமல் நிறுத்தினார்.

"இதை எழுதட்டுமா?"



"அக்கா பேச்சு வரக்கூடாது."

"வராது. அவன் வேற எதையாவது விட்டுக்கொடுப்பான்."

"வேற எதையாவதுன்னா?" நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவனுக்கு எது உசுரு? அதைச் சொல்லுங்க முதல்ல."

கடைக்கு போன் போட்டு, வர அரை மணி தாமதமாகும் என்று சொன்னாள்.