ஏணி சுவரை விட்ட இடம்

அண்ணனின் கூட்டாளி பொன்னுத்துரை புத்தகத்தை வாங்கிப்போக வந்துவிட்டான் என்றதும் பாயிஸா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். அவள் அண்ணன் அஸீம் நானா லண்டன் பரீட்சை எழுதிவிட்டுத் தூக்கிப்போட்ட நுண்கணிதப் புத்தகம் அது. பதின்மூன்று வயதுப் பாயிஸா அதை அடுப்படியில் ஒளித்துவைத்து, பாதியைக் கரைத்துக் குடித்திருந்தாள். கண்டி முழுக்கத் தேடினாலும் இன்னொன்று அகப்படாது. அதை இப்போது அஸீம் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான்.

அந்நிய ஆண் முன்னே போக முடியாது. கதவுத்திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தாள்.

"நானா, குடுக்க வாணாம்! ஏணிக் கணக்குல பிழை ஈக்கின்டு அவருக்குச் செல்லுங்க."

"ஆரடாப்பா அது?" என்றான் பொன்னுத்துரை.

"என்ட தங்கச்சி. வாய் நீளம்."

சுவரில் சாய்த்த பத்தடி ஏணியின் அடியை நொடிக்கு மூன்றடி வேகத்தில் இழுத்தால், நுனி எவ்வளவு வேகமாக இறங்கும்? இதுதான் கணக்கு.

"நானும் செய்தனான். சூத்திரம் சரி," என்றான் பொன்னுத்துரை.

"நுனி நிலத்தத் தொடக்குள்ள என்ன வேகம்டு கேளுங்க நானா."

பொன்னுத்துரையின் பென்சில் ஓடியது, நின்றது. "எல்லையில்லாத வேகம் வருது..."

"வாப்பாட ஏணி வெளிச்சத்தையே முந்திப் போகுமா?"

அஸீம் விழுந்து விழுந்து சிரித்தான். பொன்னுத்துரைக்குக் காது சிவந்தது. "அப்ப என்னதான் நடக்குமாம்?"

"அதுக்கு முந்தியே நுனி சுவர உட்டுரும். பொறகு அந்தச் சூத்திரம் செல்லாது. நான் செல்றது சரின்டா புத்தகம் எனக்கு."

"ஓம், பாப்பம்!"

அன்று ஞாயிற்றுக்கிழமை; வீட்டின் முன்பக்கத்தில் இருந்த வாப்பாவின் துணிக்கடை பூட்டிக் கிடந்தது. கடை ஏணியின் அடியில் கயிறு கட்டி அஸீம் இழுத்தான். பொன்னுத்துரை முழங்காலிட்டுச் சுவரோடு கண்ணை வைத்தான். பாயிஸா திரை இடுக்கால் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். நுனி உரசிக்கொண்டே இறங்கியது. இறங்கியது. தரைக்கு இரண்டரை அடி இருக்கையில் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம்!

தடால்!

"ஆருடா கடைய இடிக்கிற?" உள்ளே உறங்கிய வாப்பா அலறினார்.

"இடிக்கல்ல வாப்பா, படிக்கிறோம்!" என்றான் அஸீம்.

பொன்னுத்துரை புத்தகத்தைத் திரைக்கு அடியால் தள்ளினான். எழுந்தவன் போகவில்லை. "உண்மையைச் சொன்னால், எனக்குப் பாடத்தில முன்பாதியே விளங்கேல்லை. வாற மாசம் பரீட்சை."

பாயிஸா யோசித்தாள். முன்பாதி முழுதும் தலைக்குள் இருந்தது. பின்பாதியைத்தான் அவள் இன்னும் திறக்கவே இல்லை.

"நானா, வாப்பாட துணிக் கத்தரியக் கொண்டு வாங்க."

"அடியே, புத்தகத்தையா வெட்டப் போற?"

"நடுத் தையல மட்டும்தான். முன்பாதி அவருக்கு. விளங்காட்டி, கேள்விய எழுதி உங்கட கையில குடுக்கச் செல்லுங்க."