கடைமடை போன்

தமிழ்நிலா மூன்றாவது முறையாக அப்பாவின் போனில் பெயர்ப் பட்டியலைத் தொட்டாள். திரை வெள்ளையாக நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா காத்தான் பக்கத்திலேயே ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். விடியற்காலையில் அம்மா ராமாயி டீயோடு புருசனை எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

"பேராவூரணிக்குச் சொல்லிட்டியா நிலா?" பந்தல் கம்பைப் பிடித்தபடி சித்தப்பா இராஜாங்கம் கத்தினார். "அத்தையோட புது நம்பரு அண்ணன்கிட்ட மட்டுந்தான் இருக்கு. கூடப் பொறந்தவ வராம தூக்க முடியாது."

"தெரியுது சித்தப்பா. போன் தொறக்கணும்ல."

பட்டியலுக்குப் பதிலாக, எடுக்காமல் விட்ட அழைப்புகள் திறந்தன. சிவப்பில் 'பாப்பா', அவள்தான். பக்கத்தில் பதினாலு என்று போட்டிருந்தது. எல்லாம் போன மாதம். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. எடுக்கக்கூடாதென்று இருக்கிற ஆளை எத்தனை தடவை கூப்பிடுவது? அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்ததாம்?

போன மாதம் இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். வந்த அன்று காலையிலேயே அவர் போனைப் பிடுங்கி, தன் நெட்டைக் கொடுத்து அப்டேட் போட்டாள்.

"நல்லாத்தானே ஓடுது பாப்பா, அத ஏன் நோண்டுற?"

"ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டிருக்கு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருப்பா."

சும்மா இருந்தார். அன்று மத்தியானம் பண்ணை வீட்டுக் கிழவர் செத்துப்போனார். காத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாலு ஊருக்கு நடந்தே போய்ச் சாவு சொல்லிவிட்டு வந்தார். அவள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஊரு பூரா கையில போன் வெச்சிருக்கு. அவங்க வீட்டுச் சாவ சொல்ல நீ நடக்கணுமா? பொண்ண எம்.எஸ்ஸி படிக்க வெச்சிட்டு? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"ஆள் விட்டாங்க. போனேன்."

"போ. நாளைக்கு நீ செத்தா அவங்க எத்தன ஊருக்கு நடக்குறாங்கன்னு பாப்போம்."

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் கிளம்பிவிட்டாள்.

இன்று பண்ணை வீட்டிலிருந்து இதுவரை யாரும் வரவில்லை.

மாலையோடு சித்தீக் வந்தார். கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னும் இழுக்குதாம்மா? புது அப்டேட்ட அது தாங்கல. பழைய போனு. பெல் அடிக்கும், திரை வராது. வர்றதுக்குள்ள கட்டாயிடும். தெனம் தூக்கிட்டு வந்துருவாரு, பழையபடி ஆக்கிக் குடுங்க பாய்னு."

"ஆக்கிக் குடுத்திருக்கலாமே?"

"இதுல பின்னாடி போக முடியாதும்மா. எல்லாத்தையும் அழிச்சா கொஞ்சம் வேகமா ஓடும்னு சொன்னேன். பாப்பா பேசி அனுப்புனதெல்லாம் போயிடும், வேணாம்னுட்டாரு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடியில் உள்பக்கமாக நீர் பூத்திருந்தது.

"என் போன்லேருந்து பேசுங்கன்னேன். 'பாப்பா கோவமா இருக்கு, அதுவா கூப்புடட்டும், நான் எடுத்துர்றேன்'னாரு. இதுல எங்கேருந்து எடுப்பீங்கன்னு கேலி பண்ணுனேன். 'கடைமடைக்காரன் பாய் நானு. மேட்டூர்ல தொறந்த தண்ணி எங்க வயலுக்கு என்னைக்கு வந்துச்சு? எல்லாருக்கும் பாஞ்சு கடைசியாத்தான் வரும். ஆனா வரும்'னாரு."

சித்தீக் மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே போய் ஆண்களோடு நின்றுகொண்டார்.

நிலா போனை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திரைமேல் ஒட்டியிருந்த தாள் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் வெளுத்துத் தேய்ந்திருந்தது. ஒரு கட்டைவிரல் அகலம்.

தன் போனை எடுத்தாள். 'அப்பா' என்று இருந்ததை அழுத்தினாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் பெல் அடித்தது. ராமாயி அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். இடது கையிலிருந்த அப்பாவின் போன் கறுப்பாகவே இருந்தது. வெளுத்திருந்த இடத்தில் நிலா கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். ஒன்றும் வரவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பெல் நின்றது.

"நிலா! பேராவூரணி என்னாச்சு?"

அப்புறம்தான் திரை மெல்ல வெளுத்தது. பட்டமளிப்பு அன்று எடுத்த படத்தில் அவள் கறுப்பு அங்கியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, அவள் விரலுக்கு அடியில், அழைப்பை எடுக்கிற பச்சை வட்டம்.

"வந்துக்கிட்டிருக்கு சித்தப்பா," என்றாள். விரலை எடுக்கவில்லை.