ஸ்டேஷன் கிணற்றில் ஒரு மூச்சு

1943ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல், தூத்துக்குடி ஸ்டேஷனில் சென்னை வண்டியின் எட்டுப் பெட்டிகளையும் பெருக்கிக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அச்சுக்கு எண்ணெய் விட்டுத் திருப்பி அனுப்ப ஆன நேரம் ஒரு மூச்சு. அது இஞ்ஞாசியின் மூச்சு. அவன் ஸ்டேஷன் கிணற்றில் முங்கினால் பெரிய கடிகாரம் எட்டுப் பத்தில் நிற்கும். அவன் மேலே வந்த பிறகே ஓடும்.

அதற்கு முன்பு, காலையில் வரும் வண்டி சாயங்காலம்தான் திரும்பும். சண்டைக்குப் பெட்டிகள் போய்விட்டதால் வந்த பெட்டிகளே முக்கால் மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேலையோ நான்கு மணி நேர வேலை. ஒரு வாரம் வண்டி பிந்தியது. இன்னும் ஒரு நாள் பிந்தினால் கழுவுகிற பதினான்கு பேருக்கும் வேலை இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர்களில் ஒருத்தியான செல்லத்தாயின் வாளி கிணற்றில் விழுந்தது. இஞ்ஞாசி திரேஸ்புரத்துக்காரன், முத்துக்குளிப்பு நின்றபின் ரயில்வேக்கு வந்தவன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தான். கயிற்றைப் பிடித்திருந்த பதின்மூன்று பேரைத் தவிர ஊரே அசைவற்று நின்றது. போர்ட்டர் துப்பிய வெற்றிலைச் சாறு தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. செல்லத்தாய் கயிற்றை உலுக்கினாள். சுகமாக இருப்பதாக அவன் கீழிருந்து உலுக்கினான். கிடைத்ததை வீணாக்குவானேன் என்று மற்றவர்கள் துடைப்பத்தை எடுத்தார்கள்.

முத்துக்குளிப்பில் மச்சான்தான் கயிறு பிடிப்பது வழக்கம். தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கைவிடமாட்டான் என்ற நம்பிக்கை.

“ஏளா, இன்னைலயிருந்து நீதான் எனக்கு மச்சான்” என்றான் இஞ்ஞாசி, தலையைத் துவட்டிக்கொண்டே.

“மச்சான்னா ஒம் பிள்ளைக்குச் சீர் செய்யணும்லா. எங்கிட்ட வாளியும் தொடப்பமும்தான் கெடக்கு” என்றாள் செல்லத்தாய்.

“அதுவும் நான் எடுத்துத் தந்த வாளி.”

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. ஒரு உலுக்கு என்றால் மேலே வா. இரண்டு என்றால் இன்னும் இரு. இரண்டாவதற்குத் தேவையே வரவில்லை. 1946 மார்கழியில் ஒரு நாள், வேலை முடிகிற நேரத்தில் அச்சுக்கு எண்ணெய் விடும் வீரபாகு ஓடி வந்தான். பெண்கள் பெட்டியைக் கடைசியில்தான் கழுவுவார்கள்.

“அக்கா, அங்கன ஒரு பிள்ளத்தாச்சி. பிள்ள பாதி வெளிய வந்துட்டு. கழுத்துல கொடி சுத்தி நீலமா இருக்கு.”

அவள் காயல்பட்டினத்து ஹாஜரா பீவி. டாக்டரைத் தேடி ஓடிய அவள் கணவன் வாவு, ஒரு காலைத் தூக்கியபடி ஸ்டேஷன் வாசலில் அசைவற்று நின்றிருந்தான். செல்லத்தாயின் கையில் கயிறு நடுங்கத் தொடங்கியிருந்தது. மூச்சு முடியப்போகிறது என்று அதற்கு அர்த்தம். இப்போது இழுத்தால் கடிகாரம் ஓடும், பிள்ளை ஒரு நிமிஷம் தாங்காது. இழுக்காவிட்டால் இஞ்ஞாசி தாங்கமாட்டான். அவள் இரண்டு முறை உலுக்கினாள். ஏன் என்று கேட்க வழியில்லாத ஆழத்திலிருந்து இரண்டு உலுக்கு திரும்பி வந்தது.

கயிறு பட்டவர்கள்தான் அசைவார்கள் என்பதால், அதன் நுனியில் ஒரு இழையைப் பிய்த்து வீரபாகுவிடம் கொடுத்தாள். திரேஸ்புரத்து மருத்துவச்சி கிருபையின் மணிக்கட்டில் அதைச் சுற்றி, முழங்கால் வலிக்காரியான அவளைச் சாமான் தள்ளுவண்டியில் ஏற்றி அவன் ஓட்டமாகத் தள்ளி வந்தான்.

“ஏலே, மெதுவாத் தள்ளு. பிள்ளையப் பாக்குமுன்ன நான் போயிருவேன் போலிருக்கு” என்று கிருபை வழியெல்லாம் ஏசினாள்.

அதற்குள் கயிற்றின் நடுக்கம் நின்றுபோயிருந்தது. செல்லத்தாய் செந்தூர் முருகனைக் கூப்பிட்டாள். இவன் மாதா கோயில்காரன் என்று நினைவு வந்து பனிமய மாதாவையும் கூப்பிட்டாள். கிருபை கொடிக்கடியில் விரலைக் கொடுத்துவிட்டுத் தலையசைத்ததும் எல்லோருமாக இழுத்தார்கள். கடிகாரம் ஓடியது. கிணற்றடியில் கிடந்த இஞ்ஞாசிக்கு மூச்சில்லை. பெட்டிக்குள்ளிருந்து அழுகை கேட்டது. அவன் இழுக்க வேண்டிய முதல் மூச்சைப் பிள்ளை இழுத்துக்கொண்டது; இரண்டாவதில்தான் அவன் நெஞ்சு எழுந்தது.

“எதுக்குளா இருக்கச் சொன்ன?”

“அந்தா அழுது பாரு, அதுக்குத்தான்.”

அவன் காதுகொடுத்துக் கேட்டான். “தொண்ட பெலந்தான்” என்றான்.

மறுநாள் அவனால் பத்து எண்ணும்வரைகூட முங்கியிருக்க முடியவில்லை. ஈரத்தோடு ஏறி வந்து தலைகுனிந்து உட்கார்ந்தான். “இன்னையோட நம்ம சோலி முடிஞ்சு” என்றான் வீரபாகு. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அது எட்டுப் பத்தில் நின்றிருந்தது. கிணற்றில் யாரும் இல்லை. கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பெட்டிகளைக் கழுவினார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

நாற்பது நாள் கழித்து ஹாஜரா பீவி, பதுருன்னிஸா என்று பெயரிட்ட மகளைக் காட்ட வந்தாள். எல்லோர் மடியிலும் பிள்ளையைக் கிடத்தினாள்.

“ஒரு அதிசயம் கேளுங்க அக்கா. தெனம் எட்டு மணி தாண்டிப் பத்து நிமிஷத்துக்குத்தான் இவளக் குளிப்பாட்டுவோம். மொதச் செம்புத் தண்ணிக்கு மூச்சப் பிடிச்சான்னா, துவட்டுனாத்தான் விடுதா. சிரிச்சிக்கிட்டே கெடக்கா.”

செல்லத்தாய் இஞ்ஞாசியைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

“நேரத்த மட்டும் மாத்திராத தாயி” என்றாள்.

ஹாஜரா பீவி காரணம் கேட்கவில்லை; சரி என்றாள். சொன்னபடி காய்ச்சலிலும் நோன்பிலும் அந்த நேரத்தைத் தவறவிடவில்லை. வண்டியும் பிந்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதால், அன்று மட்டும் ஜன்னல் கம்பிகளையும் துடைக்க நேரம் கிடைத்தது.