கூடையில் ஒரு பிளேடு பாக்கெட்

"அடியே, என் கூடையில ஷேவிங் பிளேடு இருக்கு. நான் போடல."

அக்கா போனில் சொன்னது கையில் தொங்கும் கூடையை அல்ல, மளிகை ஆப்பில் இருக்கும் கூடையை. அந்த ஆப்பை நடத்தும் கம்பெனியில்தான் தங்கைக்கு வேலை. லாகின் பக்கம் முழுக்க அவள் பொறுப்பு. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதையெல்லாம் அவள் எழுதிய புரோகிராம்தான் முடிவு செய்யும். அதனால் ஆபீஸில் அவளுக்கு 'வாட்ச்மேன்' என்று பெயர். விசில் மட்டும்தான் வாங்கித் தரவில்லை.

"என்ன பிளேடுக்கா?"

"அவர் எப்பவும் வாங்குற பச்சை பாக்கெட்."

வாட்ச்மேன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். புருஷனிடம் அடி வாங்கி அலுத்துப்போய், ஒற்றைப் பையோடு அக்கா வெளியேறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது வீடு எங்கே என்று தங்கைக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், அக்காவை வண்டி வைத்து அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

"பாஸ்வேர்டு மாத்தினியா இல்லையா?"

"நீ சொன்ன அன்னைக்கே மாத்திட்டேன். என்னை என்ன பச்சைக் குழந்தைன்னு நினைச்சியா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அக்காவின் கணக்கைத் திரையில் திறந்தாள். இரண்டு சாதனங்கள் உள்ளே இருந்தன. ஒன்று அக்காவின் போன். இன்னொன்று, பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த டேப்லெட். சற்று முன்புகூட அதில் யாரோ விரல் வைத்திருக்கிறார்கள்.

எப்படி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா சாதனமும் வெளியே தள்ளப்படும். 'டிவியில, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திரும்பத் திரும்ப லாகின் பண்ணணுமா?' என்று கஸ்டமர்கள் சலித்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டைத் தூக்கிவிடு என்றார் மேனேஜர். தூக்கிவிட்டாள். அன்றிலிருந்து, புதிதாக வருபவரிடம்தான் புது பாஸ்வேர்டு கேட்கும். பூட்டை மாற்றியாகிவிட்டது, உள்ளே உட்கார்ந்திருப்பவனை எழுப்ப ஆளில்லை.

அப்படியானால் அக்கா பார்ப்பதெல்லாம் அவனும் பார்க்கிறான். புது விலாசம், மாடி, கதவு எண், இன்றைய ஆர்டர் உட்பட.

போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார், ஒரே ஒரு அக்கவுண்ட். அதுல ஒரு டேப்லெட்டை வெளிய தள்ளணும். இப்பவே."

"கஸ்டமர் அக்கவுண்ட்ல நாம கை வைக்கக் கூடாதும்மா. அவங்க கேக்கணும், ரெண்டு பேர் அப்ரூவ் பண்ணணும். அந்த ரூலைக் கொண்டுவந்ததே நீதானே?"

"எங்க அக்கா சார் அது!"

"அப்ப இன்னும் தப்பு."

போனில், அக்கா வீட்டு வாசல் மணி கேட்டது.

"இருடி, டெலிவரி வந்துடுச்சு" என்றாள் அக்கா. செருப்புச் சத்தம் கதவை நோக்கி நகர்ந்தது.

வாட்ச்மேன் திரையைப் பார்த்தாள். ஆர்டரின் நிலை: பேக் செய்யப்படுகிறது.

"அக்கா, கதவைத் திறக்காதே!"

"ஏன்டி கத்துற? டெலிவரின்னு சொல்றாங்க..."

"உன் சாமான் இன்னும் கடையை விட்டே கிளம்பலக்கா!"

செருப்புச் சத்தம் நின்றது. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

கதவு தட்டும் ஓசை. "டெலிவரி" என்றது ஓர் ஆண் குரல், மூக்கை அடைத்துக்கொண்டு பேசுவது போல. மறுபடி, "டெலிவரி." மூன்றாவது முறை குரல் மாறவே இல்லை, வார்த்தைதான் மாறியது. அக்காவைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போடு. போனைக் கட் பண்ணாதே!"

மேனேஜர் தன் போனை நீட்டினார். அதில் போலீஸை அழைத்து விலாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அக்காவின் பக்கம் வேறொரு குரல் எழுந்தது. எதிர் வீட்டுக்காரர்.

"யாருய்யா நீ? இந்த இடி இடிக்கிற? கதவு உங்க அப்பன் வாங்கிப் போட்டதா?"

பிறகு, மாடிப்படியில் யாரோ நிதானமாக இறங்கிப் போகும் சத்தம். ஓடக்கூட இல்லை.

அவன் போய்விட்டான். ஆனால் டேப்லெட் இன்னும் உள்ளேதான் இருந்தது.

அப்போதுதான் வாட்ச்மேனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழைய சாதனம் உள்ளேயே இருக்கும் கணக்குகள் எத்தனை? கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னாள். திரை நிரம்பி, கீழே கீழே ஓடிக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் டிவியும் ஆபீஸ் கம்ப்யூட்டருமாகத்தான் இருக்கும். ஆனால் எது டிவி, எது அவனைப் போன்ற ஒருவன் என்று யார் சொல்வது?

ஒருவரை வெளியே தள்ளத்தான் அனுமதி வேண்டும். ஆபத்துக் காலத்தில் எல்லோரையும் ஒரேயடியாகத் தள்ள ஒரு பட்டன் இருந்தது. அதற்கு அவள் ஒருத்தி போதும்.

"ஏய், வேணாம்மா! சாயங்கால ஆர்டர் மொத்தமும் போயிடும்!"

"பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க திரும்ப உள்ள வரட்டும் சார்."

அழுத்தினாள்.

கஸ்டமர் கேர் பக்கம் ஒரு போன் அடித்தது. பிறகு எல்லாம் சேர்ந்து அடித்தன. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"ஐடி கார்டை மேஜை மேல வெச்சுட்டுப் போம்மா. மேல இருந்து கேப்பாங்க, நான் என்ன சொல்லட்டும்?"

கழற்றி வைத்துவிட்டு வந்தாள். படியிறங்கும்போது அக்கா மறுபடி கூப்பிட்டாள். போலீஸ் வந்து எழுதி வாங்கிப் போய்விட்டதாம். டேப்லெட் எப்படி உள்ளேயே இருந்தது என்பதை வாட்ச்மேன் மறைக்காமல் சொன்னாள். பின்னால் பை ஜிப் இழுக்கும் சத்தம்.

"வேற இடம் பாக்கணும்டி."

"நான் பாக்குறேன்க்கா. எந்தப் பக்கம் வேணும்னு மட்டும் சொல்லு."

"வேணாம். இந்தத் தடவை உனக்கும் தெரிய வேணாம்."

"அக்கா..."

"உன் மேல கோவம் எல்லாம் இல்லடி" என்றாள் அக்கா. "பயமா இருக்கு, அவ்வளவுதான்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. வாட்ச்மேன் திரும்பக் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.